இறங்குவதற்கு முன்னால் படித்துவிடு

பீனிக்ஸ்,
ஜூன் 8, ஞாயிறு

அன்புள்ள தம்பி குமரனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மாமாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. யாழினி நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். குமரன் மாமா வரும்போது போட்டி வைத்துக்கொள்ளப் போகிறாளாம். அம்மா போன வாரம் போனில் உன்னைப் பற்றித்தான் பேசினாள். நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நேற்று நைட் டியூட்டி முடிந்து வந்து படித்தேன். ஜூலை 4 லீவுக்கு நீங்கள் நாலு பேரும் லாஸ் வேகாஸில் வந்து இறங்கி, கார் எடுத்துக்கொண்டு, முதல் நாள் டெத் வேலி. மறுநாள் கிராண்ட் கேன்யன். காலை ஏழு மணிக்கு சவுத் கைபாப் பாதையில் இறங்கி, கொலராடோ ஆற்றங்கரையில் மதியச் சாப்பாடு, பிரைட் ஏஞ்சல் பாதை வழியாக இருட்டுவதற்குள் மேலே. அதற்கடுத்த நாள் எங்கள் வீடு. இதில் எங்கள் வீட்டுக்கு வருவது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. மற்ற இரண்டும் வேண்டாம்டா. போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசி வரை படி.

"நாம வேலூர்க்காரங்கக்கா, கத்திரி வெயில்ல கிரிக்கெட் ஆடினவன் நான்" என்று கீழே ஒரு வரி போட்டிருக்கிறாய். ஆடினாய்தான். ஆனால் பதினோரு மணிக்கு மேல் அம்மா உன்னை மைதானத்தில் விட்டுவைத்ததுண்டா? அப்பா லைன்மேன், வெயிலிலேயே வேலை பார்த்த மனுஷன். கத்திரி நாட்களில் அவர் என்ன செய்வார் என்று யோசித்துப் பார். விடியும் முன்னே கிளம்பி, முடிந்தவரை வேலையை முடித்துவிடுவார். அவசரம் என்றால் ஒழிய நடுப்பகலில் கம்பம் ஏற மாட்டார். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உப்புப் போட்ட நீராகாரம் குடிப்பார். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். அவர் பிள்ளைக்கு ஜூலை மாத மதியத்தில் பாலைவனப் பள்ளத்தாக்கில் மலை ஏறும் ஆசை எங்கிருந்து வந்தது?

தவிர, நீ நியூ ஜெர்சிக்குப் போய் வருஷங்கள் ஓடிவிட்டன. உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை பிடிக்கும். அந்தப் பழக்கம் விட்டுப்போக சில வாரங்களே போதும். ஏசி ஆபீஸ், ஏசி விமானம், ஏசி கார் என்று வந்து நேராக அந்தக் குழிக்குள் இறங்குகிற உடம்புக்கு வேலூர் ஞாபகம் துளியும் இருக்காது.

வெயிலும் வேறு வெயில். நம் ஊரில் 108, 110 டிகிரி என்று பேப்பரில் போடுகிற நாளில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டும். உடம்பிலிருந்து தண்ணீர் போவது உனக்கே தெரியும். இங்கே காற்றில் ஈரமே கிடையாது. வியர்வை வந்த மாத்திரத்தில் காய்ந்துவிடும், தோலில் உப்புப் பொரிந்திருப்பது மட்டும்தான் மிச்சம். "எனக்கு வியர்க்கவே இல்லையே" என்று சந்தோஷமாக நடப்பார்கள். உண்மையில் அந்த வெயிலில் ஏற்றம் ஏறினால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கும். குடித்த தண்ணீரில் வயிறும் குடலும் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டரைத்தான் உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படியானால் நாலைந்து மணி நேரத்தில், நீ விடாமல் குடித்திருந்தாலும், கணக்கு நேராகாது.

வெள்ளியங்கிரி ஏறினதைச் சொல்வாய். தெரியும், மூங்கில் தடியோடு நீ நிற்கும் போட்டோ அம்மா வீட்டு டிவிக்கு மேலே இன்னும் இருக்கிறது. அதை வைத்தே உனக்குச் சொல்கிறேன். மலையில் கஷ்டமெல்லாம் முதலில் வரும். இரண்டாவது மலையிலேயே மூச்சு வாங்கினால் திரும்பி இறங்கிவிடலாம், இறக்கம் உன்னைக் கீழே கொண்டுவந்து விட்டுவிடும். ஏறுகிறவர்களும் ராத்திரியிலேயே ஏறத் தொடங்கிவிடுவார்கள். கிராண்ட் கேன்யனில் எல்லாம் தலைகீழ். சவுத் ரிம் கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், காலையில் ஸ்வெட்டர் கேட்கும் குளிர். இறங்க இறங்கக் கால் தானாகப் போகும், பேச்சும் சிரிப்புமாக இருக்கும். ஆறு 2,500 அடியில் ஓடுகிறது. ஜூலையில் மேலே பகல் வெப்பம் சராசரி 84 டிகிரி என்றால், கீழே ஃபாண்டம் ராஞ்சில் 106. அது சராசரிதான், அதைத் தாண்டுகிற நாட்கள் நிறைய. தெர்மாமீட்டர் நிழலில் இருக்கிறது, நீ நடக்கப்போவது வெயிலில். ஆற்றை ஒட்டிய கறுத்த பழம்பாறைகள் காலையிலிருந்து குடித்த சூட்டைத் திருப்பி விடும்போது செங்கல் சூளைக்குப் பக்கத்தில் நிற்பது போல இருக்கும். பொழுது சாய்ந்தாலும் அது தணியாது. அங்கே நின்றுகொண்டு அண்ணாந்து பார்க்கும்போதுதான், திரும்ப 4,400 அடி ஏற வேண்டும் என்பதே பலருக்கு உறைக்கும். கால் ஓய்ந்த பிறகு, தண்ணீர் பாதி தீர்ந்த பிறகு, நாளின் உச்ச வெயிலில் ஏற்றம் தொடங்குகிறது. இறங்க ஆன நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏற ஆகும் என்று வைத்துக்கொள்.

உன் திட்டத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்று போட்டிருக்கிறாய். சவுத் கைபாப் பாதை ஏழு மைல். அதில் ஒரு குழாய்கூடக் கிடையாது, நிழலும் கிடையாது. பிரைட் ஏஞ்சலில் குழாய்கள் உண்டு, ஆனால் மேலிருந்து கீழ் வரை அத்தனைக்கும் தண்ணீர் தருகிற குழாய் பழசு, அடிக்கடி உடையும். எந்த இடத்தில் தண்ணீர் வருகிறது என்று முந்தின நாள் பார்க்காமல் யாரும் கிளம்பக் கூடாது.

அந்தப் பாதை வாசல்களில் ஒரு பலகை வைத்திருப்பார்கள். மேலிருந்து ஆற்றுக்குப் போய் ஒரே நாளில் திரும்ப முயலாதே என்று எழுதி, கையும் காலும் தரையில் ஊன்றி வாந்தி எடுக்கிற ஒரு இளைஞனின் படம் போட்டிருக்கும். கிழவர் படம் போடவில்லை பார், உன் வயசுப் பையன். அங்கே மாட்டிக்கொள்கிறவர்களில் உன்னைப் போன்ற திடகாத்திரமான ஆட்கள் நிறையப் பேர். 1997-லிருந்து, அதற்கு முந்தின கோடை மோசமாகப் போன பிறகு, பாதைகளில் ஆட்களை நிறுத்தி நடப்பவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எங்கே போகிறாய், என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார்கள். அவர்கள் திரும்பு என்றால் திரும்பிவிடு. எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று வாதம் பண்ணாதே. உன்னை எனக்குத் தெரியும்.

உன்னோடு வருகிற பையன் அரை மராத்தான் ஓடினவன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். 2004 ஜூலையில் அந்தப் பள்ளத்தாக்கில் இறந்துபோன 24 வயதுப் பெண், அதே வருஷம் பாஸ்டன் மராத்தானை மூன்று மணிச் சொச்சத்தில் ஓடியவள். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தவள். உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவள், அதை ஓட வைக்கவும் தெரிந்தவள். நினைத்ததைவிடப் பாதை நீண்டது, கையில் இருந்த தண்ணீர் போதவில்லை. ஓடக்கூடிய கால் இருந்தால் இன்னும் தூரம் உள்ளே போய்விடலாம், அவ்வளவுதான் வித்தியாசம். தசை எவ்வளவுக்கு வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு உள்ளே சூடு கிளம்பும். வேகமாக நடக்கிறவனுக்குத்தான் அது சீக்கிரம் ஏறும்.

போன கோடையில் எங்கள் எமர்ஜென்சிக்கு ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். ஊரைச் சுற்றியிருக்கிற மலைப்பாதை ஒன்றில் விழுந்துகிடந்தவன். ஐஸும் தண்ணீரும் நிரப்பிய பெரிய பையில் கழுத்து வரை படுக்க வைத்தே ஆம்புலன்ஸில் வந்தான். இப்போதெல்லாம் இங்கே அப்படித்தான், முதலில் குளிர வை, பிறகு கொண்டு போ. உடம்புச் சூடு 107. பையைத் திறந்தபோது உதடு வெடித்து, தலைமுடியில் செம்மண், ஒரு காலில் ஷூ இல்லை. கழற்றிப் போட்டிருக்கிறான், ஏன் என்று யாருக்குத் தெரியும். பேர் கேட்டால் வேறு யாரிடமோ சாவியைக் கொடு, சாவியைக் கொடு என்று சண்டை போடுகிறான். அவனுடைய முதுகுப்பையை நான்தான் எடுத்து வைத்தேன். கனமாக இருந்தது. உள்ளே ஒரு லிட்டர் பாட்டில், மூடிகூடத் திறக்காமல்.

குமரா, அந்தப் பாட்டில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. தண்ணீர் இல்லாமல் விழவில்லை அவன். குடிக்க வேண்டும் என்று சொல்லக்கூடிய மூளை அதற்கு முன்பே போய்விட்டது. உள்சூடு 104-ஐத் தாண்டும்போது முதலில் கலங்குவது யோசனைதான். "எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள்" என்பான். நிழலை விட்டு எழுந்து வெயிலில் நடப்பான். பாதையை விட்டு இறங்குவான். கோபப்படுவான். கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், முடியாவிட்டால் திரும்பலாம் என்று நீ சொல்வாய் அல்லவா, அந்த முடிவை எடுக்க வேண்டிய ஆளே அங்கே இருக்க மாட்டான். முடிவை இப்போதே, உன் அறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டே எடுத்துவிடு. நான் இவ்வளவு எழுதுவது இதற்காகத்தான்.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று, இதை உன் நண்பர்களுக்கும் படித்துக் காட்டு. பயந்துபோய் வெறும் தண்ணீரையே மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டு எதுவும் சாப்பிடாமல் நடந்தால் ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். தலைவலி, வாந்தி, உளறல், சில சமயம் வலிப்பு வரை போகும். பார்க்க வெயில் மயக்கம் மாதிரியே இருப்பதால் கூட இருப்பவர்கள் இன்னும் தண்ணீரை ஊற்றிக்கொடுப்பார்கள், அது இன்னும் மோசம். அதனால் தண்ணீரோடு உப்புள்ளதைச் சாப்பிட வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம், மிக்சர், முறுக்கு, ஊறுகாய் வைத்த சப்பாத்தி, எதுவானாலும் சரி, பசிக்காவிட்டாலும் சாப்பிட வேண்டும். அப்பாவின் நீராகாரத்தில் உப்பு சும்மா போடவில்லை. அலர்ஜிக்கும் சளிக்கும் நீ போடுகிற மாத்திரைகளில் சில வியர்வையைக் குறைக்கும், ரத்த அழுத்த மாத்திரைகளில் சில நீரைப் பிரிக்கும். உங்களில் யாராவது அப்படி ஏதாவது சாப்பிட்டால் முதலில் என்னிடம் பேர் சொல்லுங்கள்.

டெத் வேலி. பேரே சொல்லிவிடுகிறது, ஆனாலும் நீ காருக்குள் இருந்து பார்ப்பதை நான் தடுக்கவில்லை. 1913 ஜூலை 10 அன்று அங்கே ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 134 டிகிரிதான் உலகத்தில் பதிவானதிலேயே அதிகம் என்று இன்றும் கணக்கில் இருக்கிறது. 2024 ஜூலை முழு மாதமும் ராத்திரி பகல் சேர்த்துச் சராசரியே 108.5 டிகிரி. அந்த மாதம் மணல் மேட்டில் நடந்த ஒரு வெளிநாட்டுக்காரருக்குச் செருப்பு கழன்றுபோய் இரண்டு பாதமும் வெந்துவிட்டது. ஹெலிகாப்டர் வந்து தூக்க முடியவில்லை. சூட்டில் காற்று மெலிந்துபோனால் ஹெலிகாப்டருக்குத் தூக்குவிசை கிடைக்காது. பார்க் ஆட்கள் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கொஞ்சம் உயரமான இடத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் ஹெலிகாப்டர் இறங்கியது. ஆபத்து என்றால் மேலேயிருந்து வந்து தூக்கிப் போய்விடுவார்கள் என்ற தைரியம் உனக்கு இருந்தால் அதையும் விட்டுவிடு. செல்போன் சிக்னலும் அங்கே பெரும்பாலும் கிடைக்காது.

இங்கே எங்கள் ஊரில் கேமல்பேக் மலைப்பாதைகளைக் கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் பகல் நேரத்தில் மூடிவிடுகிறார்கள். 2021-ல் இந்தப் பழக்கம் வந்தது. விழுந்தவர்களைத் தூக்கிவரப் போன தீயணைப்பு ஆட்களுக்கே வெயில் அடித்து அவர்களுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டிவந்த வருஷம் அது. நீ விழுந்தால் நீ மட்டும் விழமாட்டாய் என்பதையும் யோசி. எட்டுப் பேர் அந்த வெயிலில் உனக்காக ஏற வேண்டும், அவர்களுக்கும் வீட்டில் ஆள் இருக்கிறது.

எங்கள் ஊர் இருக்கிற மாரிகோபா கவுண்டியில் 2023-ல் மட்டும் வெயில் தொடர்பான சாவு 645. அந்தக் கோடையில் 31 நாள் தொடர்ந்து 110-க்குக் குறையவில்லை. இறந்தவர்களில் பாதிக்கு நெருக்கமானவர்கள் வீடில்லாதவர்கள். வீட்டுக்குள்ளேயே இறந்த வயசானவர்கள் பலருக்கு ஏசி ஓடவில்லை, அல்லது ஏசியே இல்லை. ராத்திரி டியூட்டியில் அந்த முகங்களைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒதுங்க ஓர் இடம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார்கள். உனக்கு ஒதுங்க இடம் இருக்கிறது, காசு இருக்கிறது, புத்தி சொல்ல அக்கா இருக்கிறேன். அப்படியிருக்கும்போது காசு கொடுத்து டிக்கெட் வாங்கி அந்த வெயிலுக்குள் போகிறேன் என்கிறாயே, எனக்குக் கோபம் வராதா?

கேன்யனைப் பார்க்காதே என்று சொல்லவில்லைடா. நானும் மாமாவும் யாழினி பிறக்கும் முன் ஒரு அக்டோபரில் போயிருக்கிறோம். விடியற்காலை வெளிச்சம் ஒவ்வொரு அடுக்காக இறங்கும்போது யாருக்கும் பேச்சே வராது. அதை நீ பார்க்க வேண்டும். அக்டோபர் பாதிக்கு மேல் வா. ஆற்றுவரை போக ஆசை என்றால் கீழே ஒரு ராத்திரி தங்கப் பர்மிட் கேட்டுப் பார்ப்போம். கிடைக்காவிட்டால் பாதி வழி போய்த் திரும்பலாம். ஜூலையிலேயே வந்தாக வேண்டும் என்றால், விடியும் முன் சவுத் கைபாப்பில் ஊ ஆ பாயின்ட் வரை இறங்கு. ஒரு மைல்கூட இல்லை, ஆனால் பள்ளத்தாக்கு முழுக்க விரிந்து தெரியும். பத்து மணிக்குள் மேலே வந்து ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள். பத்திலிருந்து நாலு வரை உள்ளே யாரும் நடக்க வேண்டாம் என்று பார்க்கிலேயே சொல்கிறார்கள். ஜூலையில் மதியத்துக்கு மேல் மழைமேகமும் கட்டும். இடி மின்னல், திடீர் வெள்ளம் எல்லாம் உண்டு.

எந்த மாதம் போனாலும் ஒன்று செய். நாலு பேரும் சேர்ந்து நடங்கள். மெதுவாக வருகிறவனுடைய வேகம்தான் எல்லோருடைய வேகமும். ஒருவனுக்குத் தலை சுற்றினால் நாலு பேரும் உட்கார வேண்டும். சட்டையைக் கழற்றித் தண்ணீரில் முக்கி மறுபடி போட்டுவிட்டு விசிறுங்கள். ஒருவன் உளற ஆரம்பித்தால், தடுமாறினால், அவன் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். கையில் இருக்கிற தண்ணீரையெல்லாம் அவன்மேல் ஊற்றி, நிழலில் போட்டு, ஆளை அனுப்புங்கள். அவனைத் தனியாக விட்டுவிட்டு "மேலே போய்க் காத்திருக்கிறோம்" என்று மட்டும் யாரும் போகக் கூடாது. உனக்கு முடியவில்லை என்றால் நீ வாயைத் திறந்து சொல்ல மாட்டாய், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். டைபாய்டு வந்தபோதுகூட ஸ்கூலுக்குப் போகிறேன் என்று யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு நின்றவன் நீ. அதனால்தான் உன் நண்பர்களிடம் நான் தனியாகப் பேசப் போகிறேன். நம்பர் அனுப்பு, வெட்கப்படாதே.

அம்மாவிடம் இந்தத் திட்டத்தைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை, நீயும் விடாதே. சொன்னால் நாளைக்கே ஜலகண்டேஸ்வரர் கோயிலில் அர்ச்சனைக்கு நிற்பாள், ராத்திரி தூங்க மாட்டாள்.

உனக்கு வத்தக்குழம்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் ஊரிலிருந்து வந்து ஃப்ரிட்ஜில் இருக்கிறது. விமான டிக்கெட்டை அக்டோபருக்கு மாற்ற எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்து இந்த வாரத்துக்குள் சொல். உன் டிக்கெட்டுக்கு ஆகிற பணத்தை நான் தருகிறேன். மற்ற மூன்று பேருக்கும் தங்க இடம் நம் வீடுதான் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா